கோல் அந்தப் பக்கம்

கடைசியா நான் டோரீன உசிரோட பாத்தப்ப, அவ உங்களத்தான் திட்டிக்கிட்டு இருந்தா.

என் வீட்டுக்காரி. ஆஸ்பத்திரில, தலகாணி பக்கத்துல சின்ன ரேடியோ. நம்ம ராவன்ஷா டீம் ஒரு கோல் முன்னால இருக்கு, ஆட்டம் இன்னும் கொஞ்சம் பாக்கி. நீங்க என்ன பண்ணுனீங்க, முன்னாடி ஓடி ஆடிக்கிட்டு இருந்தவன வெளிய கூப்டுட்டு, தடுத்து ஆடற ஆள் ஒருத்தன உள்ள விட்டீங்க. பாத்தியா வில்ஃப், மேனேஜர் ஆகியும் இவன் திருந்தல, ஆடுனப்பவும் பின்னாடிதான், இப்பவும் பின்னாடிதான்னா. நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தப்ப ரேடியோல ஆட்டம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவ இல்ல.

ஆமா, அன்னைக்கு ஜெயிச்சீங்க. அந்தத் தடுப்பு ஆள்தான் கடைசில கோட்டு மேல நின்னு பந்த எடுத்தான். அது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டா.

அட, அதெல்லாம் வேண்டாம் தம்பி. துக்கம் விசாரிக்க வைக்கணும்னு நான் வரல. மைதானத்துல புல்லு முளைக்காத இந்தச் சொட்டை விஷயமாத்தான் வந்தேன். புல்லு பாத்துக்கற நார்மன் சொன்னாரு, திங்கக்கிழமை ஆளுங்க வந்து இத வெட்டி எடுத்துட்டுப் புதுப் புல்லு பதிக்கப் போறாங்களாமே. அத வேண்டாம்னு உங்ககிட்ட நேர்ல கேக்கலாம்னு வந்தேன். காரணம் இருக்கு, சொல்றேன். கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து நில்லுங்க. அதும்மேல காலு வைக்காதீங்க.

நாங்க நின்னது அங்கதான். அந்தப் பச்சைக் கம்பி வளைஞ்சிருக்கு பாருங்க, அது டோரீன் சாஞ்சு சாஞ்சு வளைஞ்சது. கிளப்புல மழைத்தண்ணி துருன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. உக்கார்ற சீட்டு வாங்கலாம்டின்னு எத்தனையோ தடவ சொன்னேன். உக்காந்துக்கிட்டு எப்படி திட்றதுன்னு கேப்பா.

ஆமா, அந்தப் பச்சை கோட்டுக்காரிதான். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்னு தெரியும். பேரு தெரியாம இருக்கலாம், குரல் தெரியாம இருக்காது.

நீங்க முத தடவ இங்க ஆடுனது எனக்கு நேத்து மாதிரி இருக்கு. பத்தொம்போது வயசு. பெரிய கிளப்பு ஒண்ணு வேண்டாம்னு அனுப்பி வச்ச பையன், நீல் ஹோல்ராய்டாம், நடுவுல நின்னு ஆடறவனாம்னு பேசிக்கிட்டாங்க. சரியான மழை. அரைக்கால்சட்டை யாரோடதோ, உங்களுக்கு முட்டிக்குக் கீழ தொங்குது. முத பந்து உங்க காலுக்கு வந்துச்சு, சரியா இந்த எடத்துல. எதிர்ல எவ்ளோ காலி மைதானம். நீங்க திரும்பி நம்ம கோல்கீப்பருக்குத் தட்டுனீங்க. அது பாதி வழில சேத்துத் தண்ணில நின்னுபோச்சு. எதிராளி வந்து எடுத்து நம்ம கோல்லயே போட்டான்.

சிரிங்க, இப்பச் சிரிக்கலாம். அன்னைக்கு ஊரே உங்கள வஞ்சுச்சு. டோரீன் மட்டும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு, கையால காட்டி, ரொம்பப் பொறுமையாச் சொன்னா: டே தம்பி, கோல் அந்தப் பக்கம்டா.

அதுக்கப்புறம் அது பழக்கமாயிருச்சு. நீங்க பந்த எடுத்தா போதும், கோல் அந்தப் பக்கம்டா ஹோல்ராய்ட். வீட்லயும் அதே கதைதான். நான் சாவியத் தேடிக்கிட்டு அடுக்களைக்குப் போனா, கோல் அந்தப் பக்கம் வில்ஃப்னுவா. நான் பஸ் டிரைவர் தம்பி, இந்த ஊர்ல எனக்கே வழி காட்டுனா.

ஒரு தடவ நீங்க பதில் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? த்ரோ எடுக்க வந்து, பந்தக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, அவளப் பாத்துத் திரும்பி, அந்தக் கோல் கம்பத்தக் காட்டி, இதுவாம்மான்னு கேட்டீங்க. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. நடுவர் சீக்கிரம் எறின்னு ஊதறாரு. அவளுக்கு மொகம் செவந்துபோச்சு. அந்த வாரம் முழுக்க கறிக்கடைல, சலூன்ல, சர்ச்சுல, எங்க போனாலும் அந்தக் கதைதான். என்னய அம்மான்னு கூப்டான்னு ஒரு பெருமை வேற.

வேற யாரையும் அவ திட்டுனதில்ல, அதச் சொல்லணும். மத்தவங்க உங்களத் திட்டவும் விட்டதில்ல. ஒரு தடியன் பின்னால நின்னுக்கிட்டு உங்கள அசிங்கமா ஒரு வார்த்த சொன்னான். இவ திரும்பி டீ ஃப்ளாஸ்க்கால அவன் தோள்ல ஒண்ணு போட்டா. இவன நான் திட்றேன், நீ உனக்குன்னு வேற ஆளப் பாத்துக்கோன்னுட்டா. அவனும் பாவம், ரெண்டாவது பாதில இருந்து எங்க கூட நின்னு டீ குடிச்சான்.

அப்புறம் உங்கள மேல் டிவிஷன்ல விலைக்கு வாங்கிட்டுப் போனாங்க. டோரீன் ரெண்டு நாள் என்கிட்டப் பேசல, நான்தான் வித்த மாதிரி. ஒரு சனிக்கிழமை கோச்சு பஸ்ல ஏறி உங்களப் பாக்க அங்க போனோம். சாப்பாடு கட்டிக்கிட்டு, பச்சை கோட்டு போட்டுக்கிட்டு. நீங்க மாத்து ஆளுங்க பெஞ்சுல உக்காந்திருந்தீங்க, அதுவும் பின்வரிசைல. உக்கார்றதுலயும் பின்னாடிதான் பாருன்னா. அன்னைக்கு உங்கள உள்ள விடவே இல்ல. திரும்பி வர்ற வழி முழுக்க ஜன்னலப் பாத்துக்கிட்டு வந்தா. நான் சாண்ட்விச்ச நீட்டுனேன், வேணாம்னுட்டா.

முப்பது வயசுல நீங்க திரும்பி வந்தீங்க. பேப்பர்ல எல்லாம், வயசான குதிரைய எதுக்கு வாங்கறாங்கன்னு எழுதுனானுங்க. டோரீன் அந்தப் பேப்பரப் பூனைக்கு விரிச்சா.

கால் ஒடஞ்சதும் இங்கதான். உங்களுக்கு நான் சொல்லணுமா. சத்தம் எங்களுக்கே கேட்டுச்சு. அவ கம்பில தொங்கிக்கிட்டு நிக்கறா, மொகத்துல ரத்தமே இல்ல. நாலு பேரு ஸ்ட்ரெச்சர்ல வச்சு உங்களத் தூக்கிக்கிட்டு எங்களத் தாண்டிப் போறாங்க, எதிராளி கோல் இருக்கற பக்கமா. அப்ப இவ சொல்றா: ஹோல்ராய்ட், நாலு பேரு தூக்குனாத்தான் நீ முன்னாடி போவியாடா.

நான் அவ கையப் பிடிச்சு இழுத்தேன், சும்மா இருடின்னு. ஆனா நீங்க சிரிச்சீங்க. அந்த வலிலயும் நீங்க சிரிச்சத நான் பாத்தேன்.

அப்படியா? ஆம்புலன்ஸ் வரைக்கும் சிரிச்சீங்களா? இது அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். அன்னைக்கு வீட்டுக்கு வந்து கோட்டக்கூடக் கழட்டாம படிக்கட்டுல உக்காந்து அழுதா, நான் ஏன் அப்படிச் சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னேன்னு. ரொம்ப நாளைக்கு அது அவளுக்கு ஆறல.

மறு வருஷம் நீங்க திரும்ப ஆட வந்தீங்க பாருங்க, அன்னைக்கு மொதல் பாதி முழுக்க அவ வாயே திறக்கல. கூட நிக்கறவங்க எல்லாம் அவளையே பாக்கறாங்க. நீங்களும் ரெண்டு மூணு தடவ இந்தப் பக்கம் பாத்தீங்க. அப்புறம் வேணும்னே ஒரு பந்தப் பின்னாடி தட்டுனீங்க. வேணும்னுதானே? நான் அப்பவே சொன்னேன், அவ நம்பல. ஆனா வாய் திறந்துருச்சு.

இன்னொண்ணு சொல்லிடறேன், அவ இல்லாததால சொல்லலாம். உங்க பெரிய கோல் இருக்கே, கடைசி வருஷம், கீழ்ப் பிரிவுக்கு இறங்காம நம்மளக் காப்பாத்துனது. பாதி மைதானம் தனியா ஓடி அடிச்சீங்க. டோரீன் அதப் பாக்கல. கறி வச்ச மீட் பை பலகாரம் வாங்க வரிசைல நின்னுக்கிட்டு இருந்தா. ரெண்டு கைலயும் பலகாரத்தோட ஓடி வர்றா, எல்லாரும் கட்டிப் பிடிச்சுக் குதிச்சுக்கிட்டு இருக்கோம். யாருன்னு கேட்டா. ஹோல்ராய்டுன்னேன். பொய் சொல்லாதன்னா. செத்துப்போற வரைக்கும் அத நேர்ல பாத்ததாத்தான் எல்லார்கிட்டயும் சொன்னா, எந்தக் கால்ல அடிச்சீங்கன்னு என்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். உங்களுக்கும் வேலை இருக்கு.

இங்க புல்லு கருகுனது நரி மூத்திரத்தாலன்னு நார்மன் உங்ககிட்டச் சொன்னாரா? நரியா? பாவம், அந்த மனுஷனுக்குப் பொய்யே வராது. மூணு தடவ விதை தூவுனாரு, முளைக்காதுன்னு தெரிஞ்சேதான் தூவுனாரு. அவரக் கோவிச்சுக்காதீங்க. கிளப்பு ஆபீஸ்ல நான் முறையாத்தான் கேட்டேன். மைதானத்துல கூடாதுங்க, புல்லு பட்டுப்போகும், கோல் கம்பத்துக்குப் பின்னால பூச்செடிப் பாத்தி இருக்கு, எல்லாரும் அங்கதான் போடறாங்கன்னாங்க. அன்பாத்தான் சொன்னாங்க. ஆனா டோரீன் கோலுக்குப் பின்னால ஒரு நாளும் நின்னதில்ல தம்பி. அவ எனக்கு எடத்தக் காட்டியே வச்சிருந்தா, இந்தக் கம்பில சாஞ்சுக்கிட்டு, விரல நீட்டி. அந்தா, அவன் வழக்கமா நிக்கற எடம்னு.

நார்மன்கிட்டச் சொன்னேன். அவரு கேட்டத் திறந்து விட்டுட்டு, நான் டீ குடிக்கப் போறேன்னு போயிட்டாரு. அவ சாம்பல் ஒரு கைப்பிடி இருக்கும்னு நெனச்சேன். பிஸ்கட் டப்பா நெறைய இருந்துச்சு. தூவணும்னு சொல்றாங்க, அன்னைக்குக் காத்து வேற, கார் நிக்கற பக்கமா அடிக்குது. அவ கார் நிறுத்தற எடத்துக்குப் போகக் கூடாதுன்னு ஒரே எடமாக் கொட்டிட்டேன். மேல கொஞ்சம் மண்ணு தள்ளிவிட்டேன். சாம்பல் அவ்ளோ கெட்டியாக் கொட்டுனா புல்லு வெந்துபோகும்னு எனக்குத் தெரியல. நான் பஸ் ஓட்டுனவன்.

இல்ல இல்ல, இப்ப நீங்க நிக்கற எடம் சரிதான். அவ்ளோ தூரம் பின்னால போக வேண்டாம். உங்களுக்கு அந்தப் பழக்கம் போகாது.

சனிக்கிழமை நடந்தது தெரியும். நம்ம பையன் தட்டுன பந்து இங்க வந்து குதிச்சு நின்னு, அவனுங்க எடுத்துக் கோல் போட்டாங்க. நீங்க ரேடியோல, அந்தச் சொட்டைதான் நம்மளத் தோக்கடிச்சதுன்னு சொன்னதயும் கேட்டேன். நியாயம்தான். ஆனா அந்தப் பையன் எந்தப் பக்கம் தட்டுனான்? பின்னாடி தட்டுனான். இந்த சீசன் பூரா நான் அதே கம்பில நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன் தம்பி. முன்னாடி போன பந்து ஒண்ணுகூட இங்க நின்னதில்ல.

திங்கக்கிழமை நீங்க என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். நீங்க மேனேஜர். வேற எடத்துல போடலாமேன்னு கேக்காதீங்க, போட ஒண்ணும் இல்ல. டப்பாவக் கழுவி அலமாரில வச்சுட்டேன். கோட்டு தானத்துக்குப் போயாச்சு. இங்க இருக்கறதுதான் மிச்சம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்.