வலது மூலையில் ஒரு மல்லிகை

உங்கள் ஸ்டேஷன் ரைட்டரின் கையெழுத்து அழகாக இருக்கிறது, மேடம். இந்தக் காலத்தில் இவ்வளவு திருத்தமாக எழுதுகிறவர்களைப் பார்ப்பது அபூர்வம். என் வாக்குமூலம் என்று அவர் எழுதிய மூன்று பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். பெயர் முத்தமிழ்செல்வன், வயது ஐம்பத்திரண்டு, உடையார்பாளையத்தில் கேபிள் டிவி நடத்துபவர், சாட்சி. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி தவறாக இருக்கிறது. அந்த வரியை வைத்துக்கொண்டு என்னால் கையெழுத்துப் போட முடியாது. வெள்ளைத்தாள் கேட்டேன், கொடுத்தீர்கள். நானே எழுதித் தருகிறேன்.

முதலில் என் சேனலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரைட்டர் அதை ஒரே வரியில் முடித்துவிட்டார். மல்லிகை டிவி. இருபது வருடமாகப் பாட்டு மட்டும்தான். திரையின் வலது மூலையில் ஒரு சின்ன மல்லிகைப் பூ இருக்கும். ஜெயங்கொண்டத்தில் ஒரு போர்டு எழுதுகிறவரிடம் சொல்லி வரைந்து வாங்கியது. ஐந்து இதழ்.

அந்தக் காலத்தில் சனி ஞாயிறு என்றால் என் ஆபீஸ் போன் கீழே இறங்காது. நேயர் விருப்பம். போன் செய்து பாட்டைச் சொல்வார்கள், யாருக்காக என்று சொல்வார்கள். பாட்டு ஓடும்போது கீழே அந்தப் பெயர்கள் ஓடும். பிறந்தநாள், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், எல்லாவற்றுக்கும் போட்டோ கொடுத்து வாழ்த்துப் போடச் சொல்வார்கள். ஒரு பெண் வயதுக்கு வந்தால் முதலில் தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்புவார்கள், அடுத்தது எனக்கு. என் வாழ்த்தில் ஒரு ஒழுங்கு உண்டு. ஊர், தகப்பனார் பெயர், நாள், இடம் இல்லாமல் நான் போடுவதில்லை. மொட்டையாகப் பெயரைப் போட்டால் அது வாழ்த்தா, மொட்டைக் கடுதாசியா?

சாதி பார்க்கிறவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் ஒரே வயர்தான் போனது. உடையார்பாளையத்தில் ஓடிய பாட்டுதான் மீன்சுருட்டியிலும் ஓடியது.

பிறகு என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும். பாட்டுக்கென்றே பிறந்த பெரிய சேனல்கள் பழைய காமெடியும் மூட்டுவலித் தைலமும் போட ஆரம்பித்தன. ஜனங்கள் கையில் போன் வந்தது. இப்போது யாரும் ஒரு பாட்டை முழுதாகப் பார்ப்பதில்லை. பல்லவி முடிவதற்குள் கட்டைவிரலால் ஒரு தள்ளு, அடுத்தது. பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், நாற்பது பேர் நாற்பது பாட்டு. என் வீட்டிலேயே என் சேனல் ஓடுவதில்லை. என் மனைவி செங்கமலம் கீரை ஆய்ந்துகொண்டே போனில் பார்ப்பாள். ஏன் என்று கேட்டேன். "ஒங்க சேனல்ல நீங்க போடுறத நான் பாக்கணும். இதுல நான் கேக்குறத அது போடுது," என்றாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள் சொன்னது.

மூன்று வருடமாக எனக்கு ஒரே ஒரு நேயர்தான் போன் செய்தான். எறையூர் பிரசாத். வாரம் ஒரு முறை, சில வாரம் இரண்டு முறை. "அண்ணே, எறையூர் பிரசாத், தன் குடும்பத்தாருக்காகன்னு போடுங்கண்ணே." வேறு எதுவும் சொல்ல மாட்டான். எறையூர் எங்கே இருக்கிறது, பெரம்பலூர் தாண்டி, சர்க்கரை ஆலை ஊர். அங்கே என் வயர் கிடையாது. போட்டால் அவன் எப்படிப் பார்ப்பான்? ஆனாலும் நான் கேட்கவில்லை. போன் மணி அடிக்கிறதே, அது போதும் என்று இருந்தேன். அந்த மணிக்காகச் சில நாள் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

போன மாதம் பதினெட்டாம் தேதி அவன் நேரில் வந்தான். நீங்கள் அவன் பெயரை அறிவரசன் என்று எழுதியிருக்கிறீர்கள். மீன்சுருட்டி காலனிப் பையன், அரியலூரில் சிமெண்ட் ஆலை ஒன்றில் லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை. அரைக் கிலோ அல்வா வாங்கி வந்திருந்தான்.

"அண்ணே, நான்தாண்ணே அந்த எறையூர் பிரசாத்," என்றான்.

அவனே எல்லாவற்றையும் சொன்னான். எங்கள் ஊர்த்தெரு வைரக்கண்ணு மகள் கீதாஞ்சலியும் அவனும் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள். விஷயம் லேசாகத் தெரிந்ததும் அவள் வீட்டில் போனைப் பிடுங்கிவிட்டார்கள். வைரக்கண்ணு வீட்டை உங்களுக்குத் தெரியும். முந்திரித் தோப்பு, நெல் மெஷின், அரியலூரில் மகன் ராஜராஜனுக்கு டிப்பர் லாரிகள். பெண் வெளியே போவது வாரத்தில் இரண்டு நாள் தையல் கிளாசுக்கு மட்டும். என் திரையில் எறையூர் பிரசாத் என்று ஓடினால், நாளைக்கு ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் என்று அர்த்தம். மூன்று வருடம் அந்தக் காதலை என் வயர்தான் சுமந்திருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

"இனிமே போன் பண்ண மாட்டேண்ணே," என்றான். "அவளுக்கு ஒரு போன் வாங்கிட்டேன். துணிப் பைக்குள்ள வச்சிருக்கா. வர்ற ஞாயித்துக்கிழமை கெளம்புறோம். கூடப் படிச்ச வினோதினி வூட்டு வளைகாப்புன்னு சொல்லிட்டு அரியலூர் வந்துருவா. கோயில்ல மால மாத்திட்டு சாயங்கால ரயிலுக்கு மெட்ராஸ்."

நல்லது தம்பி என்றேன். மனதாரச் சொன்னேன். பையிலிருந்து இரண்டு பேரும் இருக்கும் போட்டோவை எடுத்துக் கொடுத்தான். எல்லோருக்கும் போடுவது போல அவர்களுக்கும் ஒரு கல்யாண வாழ்த்துப் போட வேண்டுமாம். "நாங்க போய்ச் சேந்தப்புறம், திங்கக்கெழம போடுங்கண்ணே. அவளுக்கு ஆச."

"ஞாயிறு வரைக்கும் யாரும் பாத்துறக் கூடாதுல்ல, பத்திரமா வச்சிக்கிறேன்," என்றேன்.

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு, கபடமில்லாதது. "அட போங்கண்ணே. ஒங்க சேனல எங்க ரெண்டு பேரத் தவிர எவன் பாக்குறான்? அந்தத் தைரியத்துலதான மூணு வருசம் ஓட்டுனோம். வேற சேனலா இருந்தா மொத மாசமே மாட்டியிருப்போம்."

சொல்லிவிட்டு, அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க என்றான். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். அவன் போன பிறகு டீ கிளாசைக் கழுவி வைத்தேன். அல்வாவைச் செங்கமலத்திடம் கொடுத்தேன், நன்றாக இருக்கிறது என்றாள்.

மேடம், செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்வார்கள். எல்லோரும் செவிடனைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஊதுகிறவனைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. என் சங்கு கேட்காது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கேட்டிருந்தால் என் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். கோபம் வந்தது. இரண்டு நாள் கோபமாகவே இருந்தேன், மூன்றாம் நாள் தெளிவாகிவிட்டது.

ரைட்டர் எழுதியிருப்பது: "மேற்படி வாழ்த்தைத் திங்கள்கிழமைக்குப் பதில் தவறுதலாக ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஒளிபரப்பிவிட்டேன்." நான் சொன்னதைத்தான் எழுதினார், அவர்மேல் குற்றமில்லை. அது தவறுதல் இல்லை. கம்ப்யூட்டரில் நானே நாளையும் மணியையும் போட்டேன். வழக்கமான ஒழுங்கில்தான் எழுதினேன். மணமகன் பெயர், ஊர், தகப்பனார் பெயர். மணமகள் பெயர், ஊர், தகப்பனார் வைரக்கண்ணு. இன்று மாலை அரியலூர் ரயில் நிலையத்திலிருந்து சென்னை புறப்படும் மணமக்களை மல்லிகை டிவி வாழ்த்துகிறது. நாளும் இடமும் இல்லாமல் நான் வாழ்த்துப் போடுவதில்லை என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

போட்டால் மட்டும் போதுமா, யார் பார்ப்பது? அதையும் யோசித்தேன். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வைரக்கண்ணு வீட்டுக்குப் போனேன். கீதாஞ்சலி கிளம்பிக்கொண்டிருந்தாள். பச்சைப் பட்டு, கையில் துணிப் பை. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி, தன்னைச் சேர்ந்த ஒருவரைப் பார்த்தது போல. என்னைப் பற்றி அவளிடம் அவன் சொல்லியிருப்பான். "வரேன்ணே," என்று சத்தமில்லாமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பஸ் ஏறும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் அம்மா ஜெகதாம்பாளிடம், பாக்ஸ் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றேன். "அந்தப் பொண்ணுதான் பாக்கும். நாங்க யாரு பாக்குறோம் தம்பி," என்றார்கள். புதுப் பாக்ஸ் வைத்து என் சேனலில் நிறுத்தினேன். வைரக்கண்ணு தோப்பிலிருந்து வந்தார். "அண்ணே, சாயங்காலம் நாலு மணிக்கு நம்ம குடும்பத்துக்கு ஒரு வாழ்த்து வருது, பாருங்க," என்றேன். "யாரு கொடுத்தது?" என்றார். "சஸ்பென்ஸ்," என்றேன். அவர் சிரித்தார். அவருக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது, யாரோ சொந்தக்காரர்கள் ஏற்பாடு என்று நினைத்திருப்பார்.

இதுவரைக்கும் எழுதியது போதும் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அரிவாளைத் தொட்டவன் இல்லை. ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் நடந்தது நடக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எவனும் அதற்குத் தெரியாது என்று பதில் சொன்னால் நம்பாதீர்கள். எனக்குத் தெரியும். ஒரு தட்டில் அந்தப் பையனின் உயிர் இருந்தது, இன்னொரு தட்டில் நான் இருபது வருடம் நடத்திய சேனல். எடைமேடையில் வேலை பார்த்தவனுக்கு அது புரிந்திருக்கும்.

இப்போது மூன்றாம் பக்கத்து வரிக்கு வருகிறேன். "மேற்படி ராஜராஜன், வாட்ஸ்அப் மூலமாக விவரம் அறிந்து சம்பவ இடத்துக்குச் சென்றுள்ளார்." அவனும் அப்படியே சொல்லியிருக்கிறானாம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கை கட்டோடு படுத்திருக்கும் கீதாஞ்சலியும் எனக்காகப் பரிந்து சொல்லியிருக்கிறாள் என்று உங்கள் ஏட்டு சொன்னார். "அந்த அண்ணன் தெரியாம போட்டிருப்பாரு. அவரு சேனல யாரு பாக்குறா? எங்கண்ணன் போன்ல பாத்துட்டுதான் வந்தான்." நல்ல பெண். புருஷனைக் கண்முன்னால் பறிகொடுத்துவிட்டு என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். ஆனால் அவளும் அதையேதான் சொல்கிறாள்.

மறுபடியும் போன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது போதாதென்று இதையும் அதற்கே எழுதிக் கொடுக்கிறீர்கள்.

ராஜராஜன் போனை நீங்கள் கைப்பற்றி வைத்திருக்கிறீர்கள். அதில் அவன் அப்பா அனுப்பிய போட்டோ இருக்கும். திறந்து பாருங்கள். அது டிவியைப் பார்த்து எடுத்த போட்டோ. கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஜன்னல் வெளிச்சம் குறுக்கே அடித்திருக்கும். வலது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஐந்து இதழ்.

வெளிச்சம் அடித்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் அங்கேதான் இருந்தேன். மூன்றே முக்காலுக்கு, சிக்னல் சரியாக வருகிறதா என்று பார்க்க வந்தேன் என்று சொல்லிப் போனேன். ஜெகதாம்பாள் காப்பி கொடுத்தார்கள். கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நான்கு மணிக்குப் பாட்டு ஆரம்பித்தது, மாலை மாற்றுகிற பாட்டு. போட்டோ வந்தது. பெயர்கள் ஓடின.

"ஏங்க, நம்ம கீதாவாட்டம் இருக்கு," என்றார்கள் அந்த அம்மா. வைரக்கண்ணு எழுந்து டிவிக்குக் கிட்டே போனார். பெயர்கள் இரண்டாம் முறை ஓடும்போது விரலை வைத்து வாசித்தார். போனை எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார். "அரியலூர்லதான இருக்க? பாரு," என்று மகனிடம் சொன்னார். அவ்வளவுதான் பேசினார். பிறகும் அவர் நகரவில்லை, அந்த அம்மாவும் நகரவில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை மேடம், அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. காப்பி கையிலேயே ஆறிப்போயிற்று.

சாட்சி என்று எழுதிய இடத்தில் அடித்துவிட்டு வேறு என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வாட்ஸ்அப் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்தப் பாட்டு நான்கு நிமிடம் நாற்பது வினாடி. முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் சேனலை மாற்றவில்லை.