சுறாப்புட்டுப் பை

...விசரே இவையளுக்கு! மாசத்துக்கு ஒரு நற்பண்பாம். போன மாசம் ‘பகிர்ந்து உண்போம்’. அதுக்கு முந்தி ‘வரிசையில் நிற்போம்’. டீச்சர்மார் ஏதோ செமினாருக்குப் போய், ரோல்சும் பைலும் வாங்கிக்கொண்டு வந்தவை. அண்டைக்குத் துடங்கின கரைச்சல். போர்ட் எழுதுறது ஆர்? கேட்டில நிக்கிற நாகேந்திரம். எழுத்து வடிவாம். என்னைச் செக்யூரிட்டிக்கு எடுத்தவையோ, சோக்கட்டி பிடிக்க எடுத்தவையோ?

இந்த வாங்கில இருங்கோ தம்பி. பிரின்சிபல் கூப்பிடாமல் உள்ள போகேலாது. அட்மிசனுக்கோ? ...சொல்லாட்டி விடுங்கோ.

அந்தா, போர்டில இந்த மாசத்து நற்பண்பு. ‘உண்மை பேசுவோம்.’ மேலே தெறிச்சிருக்கிறது சுண்ணாம்பில்லை. சுறாப்புட்டு!

நேற்று மதிலடியில ஒரு பை கிடந்தது. ஒரு டீச்சர் கண்டிட்டு, ‘பொம்ப்’ எண்டு கத்தினா. பெல் அடிச்சாச்சு. முந்நூறு பிள்ளையள் கடற்கரைக்கு ஓட்டம். வெள்ளவத்தையில அரைவாசி ரோட்டு மூடியாச்சு. ஆமிக்காரர் வந்து, கயிறு கட்டி இழுத்து... டமார்! காகங்களுக்குப் பெருநாள்.

அதுக்குள்ள மூண்டாம் வகுப்புப் பெட்டை ஒண்டு. ஹப்ஸா. வாய் சும்மா கிடக்காது. ஒபிசரிட்டப் போய், ‘இது கேட் அங்கிள்ட பேக்’ எண்டு சொல்லிச்சுது. அவன் என்னட்ட வந்து, ‘மே பேக் எக்க காகெத?’ ஆற்ற பையெண்டு கேக்கிறான். துவக்கோட நிண்டு கேக்கிறான். நான், ‘தன்னெ நா மாத்தயா.’ தெரியாதையா. முடிஞ்சுது.

விடிய ஐஞ்சு மணிக்கு எழும்பி அவிச்சவள் என்ர மனிசி நாகேஸ்வரி. இஞ்சை எல்லாம் நல்ல சுறா எங்க கிடைக்குது...

என்ன பாக்கிறியள்?

ஓம். என்ர பைதான்! ஒரு பிளேன்டீக்கு ஐஞ்சு நிமிசம் போனனான். கேட்டை விட்டு அசையக்கூடாதெண்டு ஓடர்தான். ஓடர் இருந்தா விடாய்க்காதோ? என்ர ஐடென்டிக் கார்ட்டில ஊர் சாவகச்சேரி. பள்ளிக்கூட மதிலடியில யாழ்ப்பாணத்தான்ர பை. புட்டெண்டு சொன்னா ஆர் நம்புறது? நீங்கள் நம்புவியளோ? சொல்லியிருந்தா இப்ப இதிலயோ இருப்பன்?

பெட்டைக்குத்தான் பிழைச்சுப் போச்சு. வெள்ளிக்கிழமை நற்பண்பு நட்சத்திரம் குத்த இருந்தவை. அது இல்லையாம் இப்ப. வயசுபோன மனிசனிலை பழி போட்டதாம். ஜன்னலால பாருங்கோ, ஒஃபிசுக்குள்ள குனிஞ்சு இருக்கு. ‘உண்மை பேசுவோம்’ நூறுதரம் எழுத வேணும். விடியத் துடங்கினது. என்ர போர்டைப் பாத்துத்தான் எழுதுது. ‘ண்’ணுக்கு மூண்டு சுழி சரியாப் போடுது... நல்ல பிள்ளை. ஒவ்வொரு நாளும் ‘சாப்பிட்டீங்களா அங்கிள்’ எண்டு கேக்கும். அதாலதான் பையைத் தெரிஞ்சிருக்கு.

அதின்ர வாப்பாவையும் வரச் சொல்லியிருக்கினம். பாவம், அந்த மனிசன்...

என்னெண்டியள்? ...ஹப்ஸாவின்ர வாப்பாவோ? நீங்களோ?

வந்த உடன சொல்லியிருக்கலாமே தம்பி! இப்பிடியோ உண்மையை மறைக்கிறது!

எங்க எழும்புறியள்? ...பொறுங்கோ. கூப்பிடேல்லை இன்னும்... நானும் வந்து சொல்லவோ? வரலாம். வரமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா இந்தக் கேட்டை ஆர் பாக்கிறது?

விட்டிட்டு அசையக்கூடாது, தம்பி. ஓடர்!