இறக்கத்தில் ஒரு பரிசோதனை

எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஆறு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் திட்டாதவர்கள் குறைவு, நான் திட்டியவர் ஒருவர்கூட இல்லை. விசாரணைக்காக ஒலிப்பதிவுகளை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

எங்கள் நிறுவனம் விற்பது விலை உயர்ந்த எலெக்ட்ரிக் சைக்கிள்கள். வாங்குகிற நாள்வரை வாடிக்கையாளருக்கு ராஜமரியாதை. வாங்கிய பிறகு அவருக்கு மிஞ்சுவது ஒரு தொலைபேசி எண்ணும், அதன் மறுமுனையில் நானும்தான். என்னிடம் ஸ்பேனர் கிடையாது, உதிரிபாகம் கிடையாது. வருத்தம் தெரிவிக்க எழுதிக் கொடுத்த வாக்கியங்கள் பதினான்கு இருந்தன.

அந்த அம்மா ஒரு பிசியோதெரபிஸ்ட். படுத்துக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களை நடக்கவைப்பவர். மேட்டுத்தெருக்களில் ஏறி இறங்கி அவருடைய முழங்கால்களே தேய்ந்துபோனதால்தான் எங்கள் வண்டியை வாங்கினார்.

"தம்பி, பிரேக் பிடிச்சாலும் மோட்டார் நிக்க மாட்டேங்குது. சில நேரம் தள்ளிக்கிட்டே போகுது. இறக்கத்துல ஓட்டவே பயமா இருக்கு" என்றார் முதல் அழைப்பில்.

நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பழுதுப் பிரிவு தொடர்புகொள்ளும் என்றேன். பழுதுப் பிரிவில் இரண்டே பேர். இருவரும் அதற்கு முந்தின மாதமே வேலையை விட்டிருந்தார்கள்.

அவர் ஒன்பது முறை அழைத்தார். நடுவில் தொழிற்சாலையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. குறிப்பிட்ட மாதத்தில் தயாரான வண்டிகளின் பிரேக் சென்சாரில் குறை இருக்கிறது, அவற்றை ஓட்டக்கூடாது, மாற்றுச் சென்சார் வர நான்கு மாதமாகும் என்று இருந்தது. மேற்பார்வையாளர் என் மேசைப் பக்கம் வந்து, "இதை நாமளா யாருகிட்டயும் சொல்ல வேணாம். வீணா பயந்துடுவாங்க" என்றார். தலையாட்டினேன். அந்த அம்மாவின் வண்டி அந்த மாதத்து வண்டிதான். சரிபார்த்துக்கொண்டேன்.

முப்பது நாள் தாண்டிய புகார் சிவப்புப் பட்டியலுக்குப் போகும். சுவர்த் திரையில் எல்லோரும் பார்க்க, பொறுப்பாளரின் பெயரோடு ஓடும். என் பெயர் அதில் வந்ததே இல்லை. இவருடைய புகாருக்கு அன்று இருபத்தொன்பதாவது நாள். புகாரை மூட இரண்டு வழிகள். வண்டி சரியாக வேண்டும். இல்லையென்றால், தொலைபேசியில் இருந்தபடியே வாடிக்கையாளர் ஓட்டிப் பார்த்து, குறை இல்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

காலையில் நானே அழைத்தேன்.

"பரவாயில்லையே தம்பி, நீங்களாவது ஞாபகம் வச்சுக் கூப்பிட்டீங்களே."

எல்லோரையும் மேடம் என்பதுதான் வழக்கம். அன்று அக்கா என்றேன். அப்படிச் சொன்னால் பேச்சைக் கேட்பார்கள். ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, வீட்டருகே உள்ள இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். சுற்றறிக்கை என் கணினியில் திறந்தே இருந்தது. ஏறக்குறைய இருபது முறைக்கு ஒரு முறை கோளாறு வரலாம் என்று அதில் போட்டிருந்தது.

முதல் முறை ஒன்றும் ஆகவில்லை.

"சரியாயிடுச்சுன்னு எழுதிக்கலாமாக்கா?"

"இல்ல தம்பி. எப்பவாவதுதானே வருது. மனசு ஒப்பல."

"அப்ப இன்னொரு தடவை பாத்துடுங்க."

திரும்ப ஏறிப்போனார். மூச்சு வாங்குவது என் காதில் கேட்டது. இப்படி ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில்.

"போதும் தம்பி. அங்க ஒரு பெரியவர் எனக்காகக் காத்துக்கிட்டிருக்காரு."

"கடைசியா ஒரே ஒரு தடவைக்கா. கொஞ்சம் வேகமா வந்து பிடிச்சுப் பாருங்க, அப்பத்தான் தெரியும்."

ஒரு பேருந்தின் ஹாரன் நீளமாகக் கேட்டது. பிறகு நிறைய குரல்கள். யாரோ ஓர் ஆள் தொலைபேசியை எடுத்து, "யாருங்க லைன்ல? அவங்க சொந்தக்காரங்களா?" என்றார்.

"இல்லைங்க, கஸ்டமர் கேர்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அவர் இறந்த செய்தி மறுநாள் தெரிந்தது. சுற்றறிக்கை இன்றுவரை ஒரு வாடிக்கையாளருக்கும் போகவில்லை. என் நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார். நல்ல குரல் என்று கேள்விப்பட்டேன்.

அவர் விழுவார் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். முதல் மூன்று முறையும் விழக்கூடாது என்றுதான் இருந்தது. நான்காவது முறை அவர் மேடேறிக்கொண்டிருந்தபோது இன்னொரு விதி நினைவுக்கு வந்தது. விபத்துக்குள்ளான வண்டியின் புகார் அன்றைக்கே சட்டப் பிரிவுக்கு மாறிவிடும். என் கணக்கில் நிற்காது. அதன் பிறகு, குறை இல்லை என்று அவர் சொல்வதற்காக நான் காத்திருக்கவில்லை.

கையிலோ காலிலோ ஒரு சின்ன அடி. எனக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். அதற்குமேல் நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததே இல்லை.