அண்ணன் கார் சீட்டின் நிறம்

தோல் சீட்டுக்கு நிறம் மாற்றுவது என்றால் பலரும் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அடித்தால் அது நாலே மாதத்தில் உரிந்து, உட்காருகிறவரின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். முதலில் அழுக்கெடுக்க வேண்டும். பழைய மேல்பூச்சைக் கரைசல் நனைத்த துணியால் பொறுமையாகத் தேய்த்து எடுக்க வேண்டும். வெடிப்புகளை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறகுதான் நிறம். அதுவும் மெல்லிசாக, ஒன்று காய்ந்த பிறகு அதன்மேல் இன்னொன்று. அவசரக்காரனுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது. எனக்கு ஒத்துவந்தது.

நீங்கள் கேட்பது தெருமுனையில் நடந்ததைப் பற்றி என்று தெரியும் ஐயா. எதிர்க்கடைக் கேமராவில் நான் தலையசைப்பது தெரிகிறது என்றீர்கள். அதற்குத்தான் வருகிறேன். சீட்டிலிருந்து தொடங்காவிட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

பட்டறை அண்ணனுடையது. அப்பா போன பிறகு என்னைத் தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டு, தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவர். அண்ணியும் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. நிறம் கலப்பது அண்ணன், அடிப்பது நான். ஒரு சொட்டைச் சீட்டின் அடிப்பக்கத்தில் தொட்டுவைத்து, முடி காயவைக்கிற மெஷினால் காயவைத்து, ஷட்டர் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "சிவப்பு ஒரு துளி" என்பார். ஒரு துளி விட்டால் சரியாக இருக்கும். அளவுக் குப்பியை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

அவருடைய கார் பழசு. சீட் மட்டும் மாப்பிள்ளை மாதிரி இருக்கும். நன்றாகக் கொதித்த டீயில் பாலைக் குறைத்து விட்டால் வருமே, அந்த நிறம். அவரே கலந்தது. வருகிற வாடிக்கையாளர்களை அதில் உட்காரவைப்பார். பாதிப் பேர் "இதே கலர் எனக்கும் வேணும்" என்பார்கள். உடனே என்னைக் காட்டி, "இவன் கை தங்கம். கண்ணுதான் கடன் வாங்கினது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முப்பது வருஷம் சிரித்தேன்.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். ஒரு டாக்டரம்மாவின் காருக்குச் சாம்பல் நிறத்தை நானே கலந்து இரண்டு சீட்டை முடித்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. அந்த நேரம் அண்ணன் போர்வையோடு வந்து நின்றார். "இது சாம்பல் கலர்னு யாரும்மா சொன்னது? ஊதா அடிக்குது பாருங்க." அதுவரை அந்த அம்மாவுக்கு ஊதா தெரியவில்லை. பிறகு அது ஒன்றுதான் தெரிந்தது. நான் கலந்ததை அவரே எடுத்துச் சாக்கடையில் ஊற்றி, டப்பாவையும் கழுவி வைத்தார். அப்புறம் என் தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதர். எனக்கும் கோபம் இல்லை. அந்தக் கண் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசைப்பட்டேன்.

விடுமுறை நாளில் அவர் காரைக் கழுவுவது என் வழக்கம். அப்படிக் கழுவுகிற நாட்களில் சீட்டுக்கு ஒரு பூச்சு கொடுத்தேன். அதே டீ நிறம், பச்சை மட்டும் ஒரு சிட்டிகை கூட. அடுத்த விடுமுறையில் இன்னொரு சிட்டிகை. நீங்களும் நானும் பத்து வருஷம் அதில் உட்கார்ந்தாலும் கண்டுபிடிக்க மாட்டோம். சாதாரணக் கண்ணுள்ள மனிதனை இது ஒன்றும் செய்திருக்காது. அதை என் பக்க நியாயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பூச்சிலேயே கேட்டுவிட்டார். "டேய், சீட்டு பச்சை அடிக்குதா?"

"இல்லையே அண்ணே. எப்பவும் போலத்தான் இருக்கு."

அண்ணியைக் கேட்டார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பூச்சு மருந்தின் வாசனை வந்திருக்குமே என்பீர்கள். எங்கள் மூக்கில் அந்த வாசனை குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இந்த வயசுக்கு இப்படிப்பட்ட கண்ணா என்று பாராட்டி அனுப்பினார். அதற்குள் நான் சீட்டைப் பழைய நிறத்துக்கே கொண்டுவந்திருந்தேன். பிறகு சிவப்புப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன். மறுபடி பழைய நிறம். பட்டறையில் அவர் கலப்பதும், கழுவுவதும், திரும்பக் கலப்பதுமாகத் தடுமாறினார். என்னைக் கேட்டார். சரியாக இருந்ததைச் சரியில்லை என்றேன். முடித்த வேலைகள் திரும்பி வந்தன.

ஒரு நாள் மத்தியானம் அண்ணன் பிளேடை எடுத்துக்கொண்டுபோய்ச் சீட்டைக் கீறினார். நான் போனபோது காருக்குள் மண்டியிட்டிருந்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. "இங்க பாருடா. அடியில சிவப்பு இருக்கு, அதுக்குக் கீழ பச்சை இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆகலைடா."

இருந்தது. வெங்காயத் தோல் மாதிரி வரிசையாக என் பூச்சுகள் எல்லாமே இருந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் குனிந்து பார்த்தேன். "தோல்தான் தெரியுது அண்ணே" என்றேன். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு அந்தக் கீறல்களைக் காட்டினேன். தான் உயிராக வைத்திருந்த சீட்டை ஒரு மனிதர் பிளேடால் கிழித்தால் வீட்டில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள்? அண்ணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மனநல டாக்டரிடம் நான்தான் அழைத்துப்போனேன். கீறல்களை அடைத்துப் பூசியதும் நான்தான். இன்றைக்கு நீங்கள் விரல் வைத்துத் தடவினாலும் இடம் தெரியாது. என் வேலைகளில் அதுதான் சிறந்தது என்பேன்.

மாத்திரையில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. கலப்பதை என்னிடம் விட்டுவிட்டார். கார் ஓட்டுவதையும் விட்டார். சட்டை நிறத்தைக்கூட என்னிடம் கேட்டுத்தான் போடுவார். நான் சொன்னதற்குத் தலையாட்டுவார். ஆனால் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு தடவை அந்தச் சட்டையைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்கு உறுத்தலாகவே இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் என் சொல்லைத் தன் கண்ணால் சரிபார்க்கிறாரே என்று.

அன்றைக்கு அவருடைய மாத்திரை வாங்கத்தான் போனோம். குழந்தை மாதிரி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தெருமுனையில் நின்றோம். நடக்கிறவர்களுக்கான விளக்கு சிவப்பு. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் என்றைக்கும் ஒரு குறையும் கிடையாது ஐயா. அந்தச் சிவப்பில் எத்தனை துளி மஞ்சள் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்கும்.

"எனக்குச் சிவப்பாத் தெரியுதுடா. நீ சொல்லு."

"பச்சைதான் அண்ணே" என்று சொல்லித் தலையசைத்தேன். கேமராவில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

"நீ சொன்னா சரி" என்றார். என் சட்டைக் கையை விட்டுவிட்டு இறங்கினார். லாரி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவரை விட்டுவிடுங்கள், அவர்மேல் தப்பில்லை. நான் லாரியைப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், விளக்கைத் திரும்பிப் பார்க்கிறாரா என்று. அவர் பார்க்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு என் கண்ணை முழுசாக நம்பினார். அந்தச் சந்தோஷத்தில் கையைப் பிடித்து இழுக்க எனக்குத் தோன்றவில்லை. என் பேரில் தப்பு என்று எழுதுவதாக இருந்தால், அந்த ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.