இடது தட்டு

உன் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தது ஏழாம் வகுப்பிலா எட்டாம் வகுப்பிலா என்பதில் எனக்குச் சந்தேகம். ஜன்னலோரம் என்பது மட்டும் உறுதி. அதுவும்கூட அவன் சொல்லிச் சொல்லி என் நினைவாகிப் போனதோ என்னவோ. பழைய மாணவர் மலருக்கு அப்பாவைப் பற்றி எழுதித் தாருங்கள் மாமா என்று கேட்டாய். மலருக்கானதைத் தனியாக அனுப்பிவிட்டேன். இது உனக்கு.

வகுப்பில் அவன் பெயர் ரேடியோ. என் பெயர் பூட்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவன் பேச்சு குறையும், மற்றவன் பேச்சு கூடும் என்று ஆசிரியர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். நாற்பது வருஷமாகியும் இரண்டும் நடக்கவில்லை.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லித் தருபவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் இல்லையா, வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்து அது அவன் காலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சனிக்கிழமை நாலு மணிக்கு என் வீட்டுக்குச் செஸ் ஆட வருவான். என் கை எந்தப் பக்கம் போனால் அவனுக்கு ஆபத்தோ, அந்தப் பக்கம் போனதும் மேசைக்கடியில் அவன் வலது கால் தரையை அழுத்தும். அதைப் பார்த்துக்கொண்டே நான் காயை நகர்த்துவேன். இதை அவனிடம் சொன்னதே இல்லை.

"உங்கூட ஆடறது செவுத்தோட ஆடற மாதிரி இருக்குடா. செவுராவது என்னைக்காவது விழும்," என்பான்.

அவன் போனதும் டம்ளர்களைக் கழுவி வைப்பேன். அதன் பிறகு அடுத்த சனிக்கிழமைதான் அந்த வீட்டில் மனிதக் குரல் கேட்கும்.

என் வேலையைப் பற்றி நீ அதிகம் கேட்டதில்லை. பரிசோதனைக்கூடத்தில் ஸ்லைடுகள் முதலில் என்னிடம்தான் வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சந்தேகமானவற்றை வலது தட்டில் வைப்பேன். அவற்றை எங்கள் டாக்டரம்மா தானே பார்ப்பார். சுத்தமானவை இடது தட்டு. அவற்றுக்கு நான் எழுதியதன் கீழே அவர் கையெழுத்து மட்டும் போடுவார். இருபத்தாறு வருஷம் பழகிய கைக்கு அந்த நம்பிக்கை கிடைக்கத்தான் செய்யும்.

மூன்று வாரமாக இருமல் என்று உன் அப்பா சளி டப்பாவோடு வந்தான்.

"பாத்துச் சொல்லுடா பூட்டு, ஆணா பொண்ணா?"

வரவேற்பில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். "ஏதாவது இருந்தா மக விடமாட்டாடா. அவ ஊர்லதான் பெரிய ஆஸ்பத்திரி. அவ அம்மா போனதுலேருந்தே, இங்க தனியா என்ன பண்றீங்கன்னு பெட்டியைக் கட்டச் சொல்லிக்கிட்டு இருக்கா. போனா போனதுதான், திரும்பி எங்க வர்றது?"

மறுநாள் பார்த்தேன். இருக்கக் கூடாத செல்கள் இருந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. ஸ்லைடை இடது தட்டில் வைத்தேன்.

சனிக்கிழமை அவன் வந்தான். ரிப்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துத் தட்டித் தட்டிக் காட்டினான்.

அதன் பிறகு பத்து மாதம். அவனுக்கு நான் என்ன செய்தேன் என்று நீ கேட்கலாம். ஆட்டத்தை விட்டுக்கொடுத்தேன். பதினோரு முறை ஜெயித்தான். வண்டி கற்றுக்கொள்ள வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பள்ளியில்கூடப் பார்த்ததில்லை.

நீ ஒருமுறை போன் செய்தாய். "மாமா, அப்பா இன்னும் இருமறாரே. இங்க கூட்டிட்டு வந்து இன்னொரு தடவை பாத்துடட்டுமா?"

"ரிப்போர்ட்டை நானே பாத்தேம்மா. எதுவும் இல்ல. நாள் முழுக்க ரோட்டுல இருக்கான், தூசிதான்," என்றேன்.

"நீங்க சொன்னா சரி மாமா."

நான் பேசிய மிக நீளமான போன் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அவன் வண்டியிலேயே மயங்கி விழுந்த பிறகு உன் ஊர் மருத்துவமனையில் என்ன சொன்னார்கள் என்பது உனக்குத் தெரியும். பத்து மாதம் முன்பு என்றால் சின்ன இடம்தான், வெட்டி எடுத்திருக்கலாம் என்றார்கள். விசாரணையில் பழைய ஸ்லைடைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். கண் தவறிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். என் கண் தவறியதே இல்லை.

மயங்கி விழுந்த ஏழாவது வாரம் உன் அப்பா போய்விட்டான். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தன் தவறு என்று ஒப்புக்கொண்டு டாக்டரம்மா வேலையை விட்டுவிட்டார். யார் போனையும் எடுப்பதில்லையாம். டிரைவிங் ஸ்கூல் இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை வந்துவிட்டது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம். நீ உன் ஊரில் பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாய் என்று கேள்வி.

அடக்கம் முடிந்து திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அளவுக்கு அவர் மேல யாரும் பாசம் வைக்கல மாமா," என்றாய். யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான்.