பேர் சொல்லிப் போட்ட மொட்டைக் கடுதாசி

— ...எனக்கில்லக்கா, என் தோழி ஒருத்திக்குக் கேக்கறேன். விபிஎன் போட்டா நாம யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதுல்ல?

— உன் தோழிக்கு வாய் இல்லையாடி? கம்ப்யூட்டர் சென்டர் வரைக்கும் உன்னைத் தூது அனுப்பியிருக்கா?

— வேலை நேரத்துல வந்துட்டேன்னு கோவிக்காத. சொல்லு...

— எந்த விபிஎன்?

— நம்ம யுனிவர்சிட்டி குடுத்ததுதான். வீட்டுல இருந்து ஜர்னல் படிக்கப் போடுவோமே...

— அடி அசடே! அது மறைக்கற திரை இல்ல. வீட்டுல இருக்கற உன்னை இங்க கொண்டாந்து விடற சுரங்கப்பாதை. நடுவுல எவனும் எட்டிப் பாக்க முடியாது, அவ்வளவுதான். ஆனா இந்தப் பக்க வாசல்ல நாங்க இருக்கோம்.

— நாங்கன்னா?

— நான்தான். யாரு, எத்தனை மணிக்கு வந்தாங்க, என்ன ஐபி நம்பர் குடுத்தோம்... எல்லாம் பதிவாகும்.

— எல்லாமேவா?

— என்னடி, உன் தோழிக்கு முகம் வெளுத்துப்போச்சு?

— விளையாடாதக்கா. அவ... யுனிவர்சிட்டியோட புகார் படிவத்தை நிரப்பினா. பேர் போட வேண்டாம்னு அதுலயே இருந்துச்சு. இன்னும் பத்திரமா இருக்கட்டும்னு விபிஎன்னையும் போட்டுக்கிட்டா.

— பத்திரமா! வீட்டு நெட்லயே அனுப்பியிருந்தா எவளோன்னு விட்டிருப்பாங்க. பேரைச் சொல்லி உள்ள நுழைஞ்சு, மொட்டைக் கடுதாசி போட்டிருக்கா.

— மெதுவாக்கா... கதவு திறந்திருக்கு.

— சாத்திட்டேன். யார் மேல புகார்?

— அவளோட... கைடு மேல.

— உன் கைடு மேல.

— ...ஆமா. தனியா வரச் சொல்லுவார்க்கா. வந்தா... அதுக்கு மேல கேக்காத.

— கேக்கல. கேக்கலடி. உக்காரு, தண்ணி குடி.

— தீசிஸ்ல அவர் கையெழுத்து வேணும். நான்தான்னு தெரிஞ்சா நாலு வருஷமும் போச்சு. அந்தப் பதிவை அழிச்சிடேன்... உன் கையிலதானே இருக்கு?

— அழிச்சா, அழிச்சது யாருன்னும் பதிவாகும்.

— அப்போ அவர் வந்து கேட்டா?

— காலையிலயே வந்தாரு.

— ஐயோ!

— புகாரோட நகல் எப்படியோ அவர் கைக்குப் போயிருக்கு. அதுல பதிவாகியிருந்த ஐபி நம்பரை ஒரு துண்டுச்சீட்டுல எழுதி வந்து என் மேஜையில வச்சாரு. ‘இது யாரு?’ன்னாரு. பதிவுல தேடிப் பாத்தா உன் பேரு.

— சொல்லிட்டியா? என் முகத்தைப் பாரு... என் பேரைச் சொல்லிட்டியாக்கா?

— நான்தான் எழுதினேன்னு சொன்னேன்.

— நீயா? அவர் எப்படி நம்புவார்? உனக்கும் அவருக்கும் என்ன...

— உடனே நம்பிட்டாருடி. எதிர்க்கேள்வி ஒண்ணு கேக்கல. நான் ஏன் ஆராய்ச்சியைப் பாதியில விட்டுட்டு இந்த வேலைக்கு வந்தேன்னு வீட்டுல உங்களுக்குத்தான் தெரியாது... அவருக்குத் தெரியும்.