ஒன்பதாவது திரை

எனக்குத் திரை காலியாக இருந்தால்தான் வேலை ஓடும். சிலருக்குப் பூப்படம் வேண்டும், கடிகாரம் வேண்டும், மூலையில் ஏதாவது மின்னிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குக் கறுப்புப் பின்னணி, அதில் பச்சை எழுத்து. போதும்.

நீங்கள் அந்தக் கணினியைப் பார்த்தீர்கள் ஐயா. அலுவலகத்தில் கழித்துக் கட்டியது. பழக்கிடங்கின் கட்டுப்பாட்டு அறைக்கு இதுவே அதிகம் என்று மேலாளர் தள்ளிவிட்டார். பொத்தானை அழுத்திவிட்டு டீ குடித்து வந்தாலும் முனகிக்கொண்டே கிடக்கும். நான் அதில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். அதிலும் பகட்டான முகப்பு எதையும் ஏற்றவில்லை. இருப்பதிலேயே லேசான ஒன்று. மவுஸ் தேவையில்லை, எல்லாம் விசைப்பலகையிலேயே. முழம் நீளக் கட்டளைகளை ஒற்றை எழுத்தாகச் சுருக்கினேன். ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணை அழுத்தினால் ஒன்பது தனித்தனித் திரைகள். செத்துக் கிடந்த இயந்திரம் எழுந்து ஓடியது.

நான் படித்தவன் இல்லை, இதெல்லாம் நானாகப் பழகியது. அந்தக் கிடங்கில் பெட்டி சுமந்தவன். முதுகுத்தண்டு நகர்ந்த பிறகுதான் நாற்காலி கொடுத்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளில்தான் வலியில்லாமல் மூச்சு விடுவது எப்படியிருக்கும் என்று எனக்கு ஞாபகம் வந்தது.

கிடங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழம் கெடாமலிருக்க அறையை அடைத்து, உள்ளேயிருக்கும் பிராணவாயுவைக் குறைத்து நைட்ரஜனை நிரப்புவோம். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் மூட்டையாக விழுவான். அதனால் கதவைத் திறந்ததும் விசிறியை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். காற்று ஏறிய பிறகு கட்டுப்பாட்டு அறைக்காரன் மாடி ஜன்னல் வழியாக "காத்து இருக்கு" என்று கூவுவான். அந்தக் குரல் கேட்காமல் எந்தச் சுமைக்காரனும் உள்ளே கால் வைக்க மாட்டான். சுவரில் இருந்த எச்சரிக்கைச் சங்கு எப்போதோ பழுதாகிவிட்டது. "கம்ப்யூட்டர்லதான் காட்டுதே, சங்கு எதுக்கு?" என்று மேலாளர் கேட்டார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கணினியில் காட்டும் என்பது உண்மைதான். திறந்த அறையில் காற்று குறைவாக இருந்தால் சிவப்புப் பெட்டி ஒன்று குதித்து வரும். காற்று ஏறியதும் தானே மறையும். நான் பாதிக் கட்டளை அடித்துக்கொண்டிருக்கும்போது அது நட்ட நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். பெட்டி இனி ஒன்பதாவது திரையில் திறக்கும், சத்தமில்லாமல். கதவு திறந்தால் என் விரல் தானாக ஒன்பதுக்குப் போகும், பார்ப்பேன், திரும்புவேன், கூவுவேன். ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

பிறகு சகலை வந்தான். என் மனைவியின் தங்கை கணவன். வேலையில்லாமல் இருந்தவனை நான்தான் மேலாளரிடம் கூட்டிப் போனேன். வாய் இனிப்பு. கொஞ்ச நாளிலேயே கட்டுப்பாட்டு அறை அவனுக்கு, கிடங்கு வாசல் எனக்கு என்று ஆனது. குளிர் அடிக்கும் வாசலில் நாள் முழுக்க நிற்க வேண்டும், இந்த முதுகோடு.

"அண்ணே, நீங்க எவ்வளவு நாள்தான் இதையே முறைச்சுப் பார்ப்பீங்க? கொஞ்சம் வெளிக்காத்து வாங்குங்க" என்றான், எல்லோர் முன்னாலும். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "என் தங்கச்சி வீட்டுல அடுப்பு எரியுறது உங்களுக்குப் பொறுக்கலையா?" என்றாள்.

அவனுக்குப் பொறுமையாகவே சொல்லிக்கொடுத்தேன்.

"என்னண்ணே இது, கம்ப்யூட்டரா, ஆர்மோனியப் பெட்டியா? கட்டை கட்டையா அமுக்கச் சொல்றீங்க."

"பழகிடும்."

"சிவப்புப் பெட்டி வந்தா?"

"காத்து இல்லைன்னு அர்த்தம். வரலைன்னா காத்து இருக்குன்னு கூவு."

"ஒன்பதுல என்னண்ணே இருக்கு?"

"ஒன்னுமில்ல. காலி."

அந்த வரியைப் பற்றித்தான் நீங்கள் கேட்டீர்கள். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த கோப்பு அது. தேடினால் ஒழியக் கண்ணில் படாது. பெட்டியை ஒன்பதுக்கு அனுப்பும் வரி பழையது, அதில் கெட்ட எண்ணம் இல்லை. ஒன்பதாம் எண் வேலை செய்யாதபடி அதற்கான வரியை எடுத்தது மட்டும் நாற்காலியை ஒப்படைத்த அன்று காலையில். தெரியாமல் அழுத்திவிட்டுக் குழம்புவானே என்று எடுத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இதுதான். அவன் தப்பாகக் கூவுவான், எவனுக்காவது தலை சுற்றும், வெளியே இழுத்துப் போடுவோம், மேலாளர் என்னைக் கூப்பிடுவார். ஒரு நாற்காலி ஐயா. அவ்வளவுதான் கேட்டேன்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அன்றுதான் முதல் தடவையாகக் கதவைத் திறந்தோம். விசிறி ஓடத் தொடங்கியதும் மேலேயிருந்து குரல் வந்தது. "காத்து இருக்கு." நல்ல கணீர்க் குரல் அவனுக்கு. நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் சுமைக்காரன் உள்ளே போனான். நானும் அவனும் ஒரே பெட்டிக்கு இரண்டு பக்கமும் தோள் கொடுத்தவர்கள். முதல் அடுக்கைத் தொடக்கூட இல்லை, விழுந்துவிட்டான். ஜன்னலில் அதைப் பார்த்த சகலை படியில் உருண்டு புரண்டு இறங்கி ஓடி வந்தான். என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். நெட்டையின் காலைப் பிடித்து இழுத்தான். கொஞ்ச தூரம் இழுக்கவும் செய்தான். பிறகு அவனும் அங்கேயே விழுந்தான்.

மற்றவர்கள் பாய்ந்தார்கள். கதவுக்குக் குறுக்கே கையை விரித்துத் தடுத்தது நான். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், நான் இல்லையென்றால் அத்தனை பேரும் போயிருப்போம் என்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் என் மனைவியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் தங்கை இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். எனக்குச் சோறு போடுகிறாள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. குரல் வந்ததும் நெட்டை உடனே போய்விடவில்லை. வாசலில் நின்று என் பக்கம் திரும்பினான்.

"என்னப்பா, இவ்வளவு சீக்கிரமாவா? உன் சகலை சரியாத்தான் சொல்றானா?"

நான் தலையை ஆட்டினேன். அவன் போனான்.

அந்தத் தலையாட்டல் எந்தக் கோப்பிலும் கிடைக்காது. நானாகச் சொன்னதால் உங்களுக்குத் தெரிந்தது. இதிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள் ஐயா, எதையும் ஒளித்து வைக்கிற ஆள் இல்லை நான்.